எழுத எழுதப் பிறக்கும் எண்ணம்

எண்ணம் முதலில் மனத்தில் முழுமையாக உருவாகும். பிறகே எழுத்தில் இறங்கும் என்று பலரும் நம்புகின்றனர். மாணவர் பலர், 'எழுத ஒன்றும் தோன்றவில்லை' என்று கூறித் துணைநூலில் உள்ள கட்டுரையை மனப்பாடம் செய்வது இதனால்தான். இந்நம்பிக்கை பிழையானது. பல எண்ணங்கள் எழுதத் தொடங்கிய பின்னரே பிறக்கின்றன.

திருவனந்தபுரம் மாவட்டத்து மலையூரான போனக்காட்டையே சான்றாகக் கொள்ளலாம். ஆங்கிலேயர் காலத் தேயிலைத் தோட்டம் அது. அங்குத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அகத்தியர்கூடத்துக்கு மலையேறுவோர் அங்கிருந்தே நடக்கத் தொடங்குவர். தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று மரபு போற்றும் முனிவரின் மலை அது! ஆயினும், வெளியூரார் பலர் போனக்காட்டைப் பேய் பங்களா உள்ள ஊராகவே அறிவர்.

தோட்டத் தொழிலாளி ஒருவரின் பேத்தி 'எங்கள் ஊர்' என்று எழுத அமர்ந்தாலும், முதல் வரியில் அந்தப் பங்களாவே வரக்கூடும். கேட்டுப் பழகியதுதானே முதலில் வரும்? ஆனால் அடுத்த வரியும் எழுத வேண்டுமே! பூட்டிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையை எழுதுவாள். ஒழுகும் லயத்தை விட்டுப் பாட்டி ஏன் போகவில்லை என்ற கேள்வி எழும். 'பாட்டிக்கு இந்த ஊர் பிடிக்கும்' என்று எழுதுவாள். போதவில்லை என்று தோன்ற, அதை அடித்துவிட்டு, 'கொழுந்து பறித்த கூலியில் பாக்கி வரவேண்டியிருக்கிறது. அதற்காகப் பாட்டி காத்திருக்கிறார்' என்று எழுதுவாள். எழுதும் முன் அந்த வரி அவளிடம் இல்லை.

திருவனந்தபுரம் சாலைத்தெருவில் பாத்திரக் கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன் (1934–2021) பள்ளியில் பயின்றது மலையாளம்; தமிழைத் தம் முயற்சியால் கற்றார். நாள்தோறும் கடையிலிருந்து கண்ட மனிதர்களே 'கடைத்தெருக் கதைகள்' ஆயினர். அத்தெருவில் கடை வைத்திருந்தோர் பலர். அவர்களும் அதே மனிதர்களைத்தான் பார்த்தனர். மாதவன் எழுதிப் பார்த்தார்.

மனப்பாடக் கட்டுரைக்கு மதிப்பெண் கிடைக்கும், பிழையும் குறையும். மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் போனக்காடு என்பதை நீக்கி மூணாறு என்று எழுதினாலும் ஒன்றும் மாறாது. பேத்தியின் கட்டுரையில் அவ்வாறு மாற்ற இயலாது. தமிழ்ச் சொல் கிடைக்காத இடத்தில் அவள் மலையாளச் சொல்லையே எழுதிவிட்டு மேலே செல்லட்டும். திருத்தும்போது உரிய சொல்லைப் பாட்டியிடமே கேட்டுக்கொள்ளலாம்.