கம்பெனி "இல்லை" என்றால் முடிந்துவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை மாலை. புதுச்சேரி காந்தி வீதியில் சந்தைக் கூட்டம். பக்கத்து வீதிகளில் உள்ளூர்க் கார்களும் வெளியூர்க் கார்களும் நெருக்கியடித்துக்கொண்டு நகர்கின்றன. முன்னால் போன கார் திடீரென்று நிற்கிறது. பின்னால் வந்த கார் அதன் மீது இடிக்கிறது.

யாருக்கும் காயம் இல்லை. பம்பர் பிளந்தது, பானெட் நசுங்கியது. அவ்வளவுதான். அதற்குள் பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள். "கையில் ஏதாவது கொடுத்துவிட்டுப் போங்கள்" என்கிறார் ஒருவர். "இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, கம்பெனி கொடுக்கும்" என்கிறார் இன்னொருவர்.

சில வாரம் கழித்துக் கம்பெனியிடமிருந்து கடிதம் வருகிறது. கேட்டதில் பாதிதான் என்கிறது; அல்லது, பணமே இல்லை என்கிறது. "அவ்வளவு பெரிய கம்பெனியோடு நாம் மல்லுக்கு நிற்க முடியுமா?" என்று வீட்டுக்காரர் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்.

அங்கேதான் தவறு நடக்கிறது. கம்பெனியின் முதல் பதில் கடைசிப் பதில் அல்ல!

சர்வேயர் சொல் வேதவாக்கா?

சேதத்தைப் பார்வையிட்டு மதிப்புப் போடுகிறவர் சர்வேயர். அவருடைய அறிக்கையை வைத்துத்தான் கம்பெனி கணக்குப் பார்க்கிறது. அந்தத் தொகையை மாற்றவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள்.

ஒரு லாரி விபத்துக்குள்ளானது. அதன் சொந்தக்காரர் பழுது பார்த்த பில்களைக் கொடுத்துப் பணம் கேட்டார். சர்வேயர் மதிப்பிட்ட குறைந்த தொகைதான் தரமுடியும் என்றது நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கம்பெனி. வழக்கு டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2009-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. சர்வேயரின் அறிக்கை முக்கியமானதுதான். ஆனால் அதுவே முடிந்த முடிவு அல்ல. தக்க காரணம் இருந்தால் அதிலிருந்து மாறுபடலாம் என்று நீதிபதிகள் கூறினார்கள். லாரிக்காரர் வென்றார்.

ஆதாரம் கையில் இருந்தால் சாமானியரும் வெல்லலாம் என்பதற்கு இது சாட்சி.

எல்லாக் கழிவும் மோசடி அல்ல

அதற்காக, கம்பெனி குறைப்பதெல்லாம் அநியாயம் என்று சொல்லிவிடக்கூடாது. பழைய பொருளுக்குப் புதிய விலை கொடுப்பதில்லை என்பது பாலிசியில் உள்ள நிபந்தனை. பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலைதான். இரும்புத் தகட்டுக்குக் காரின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது.

மூன்றரை வயதுக் கார் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பம்பர் 8,000 ரூபாய், கிடைப்பது 4,000. பானெட் 12,000 ரூபாய். நூற்றுக்கு 25 கழித்துக் கிடைப்பது 9,000. இந்த 13,000-ல், 1,500 சி.சி. வரையுள்ள கார் என்றால், சொந்தக்காரர் ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும் போகும். மிஞ்சுவது 12,000. கழிவு இல்லாத பாலிசிக்குக் கூடுதல் பிரீமியம் கட்டியவருக்கு இந்தப் பழமைக் கழிவு வராது.

இன்னொன்று. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது, பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான இன்ஷூரன்சை மட்டுமே. அதை மட்டும் எடுத்தவருக்குச் சொந்தக் காரின் சேதத்துக்கு ஒரு காசும் கிடைக்காது. பழைய காரை வாங்குகிறவர்கள் 14 நாளுக்குள் பாலிசியையும் தங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும்.

பொய் வேண்டாம்

லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டுகிறான். தகப்பனார் "நான்தான் ஓட்டினேன்" என்று எழுதிக் கொடுக்கிறார். இன்று கடைக்குக் கடை கேமரா இருக்கிறது. பொய் வெளிப்பட்டால் பணமும் போகும், மானமும் போகும். கம்பெனியிடம் நியாயம் கேட்கிறவர் கையும் சுத்தமாக இருக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

காரை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். அடுத்த காரின் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். கம்பெனி பார்வையிடும் முன் பழுது பார்க்காதீர்கள். பணம் இல்லை என்றால், எந்த நிபந்தனையின்படி இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் தகவல் தாமதமானால், அதை மட்டும் சொல்லிக் கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையம் 2011-லேயே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் மனு எழுத வேண்டும். அவர் மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் 'ஆம்புட்ஸ்மன்' என்னும் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அவர் அளிக்கும் தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம், மாகேக்குக் கொச்சி, ஏனாமுக்கு ஐதராபாத்.

அதிலும் திருப்தி இல்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். புதுச்சேரிக்காரர் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

ஒரு தாள் போதும்

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. அங்கே கார்க்காரர்கள் ஒரு தாளைக் காரிலேயே வைத்திருப்பார்கள். 'கொன்ஸ்தா அமியாப்ள்' என்று அதற்குப் பெயர். சிறு விபத்து நடந்தால் இரண்டு டிரைவர்களும் அந்த இடத்திலேயே அதை நிரப்பி, எப்படி மோதியது என்று படம் வரைந்து, கையெழுத்துப் போடுவார்கள். ஆளுக்கொரு பிரதி. ஐந்து வேலை நாளுக்குள் அவரவர் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். தெருப் பஞ்சாயத்துக்கு அங்கே வேலை இல்லை. நடந்தது என்ன என்ற தகராறும் குறைகிறது.

அப்படி ஒரு தாளை, எளிய தமிழில், பாலிசியோடு சேர்த்துக் கொடுக்க இங்குள்ள கம்பெனிகளுக்கு என்ன தடை? எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்பதையும் அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடலாமே! பிரீமியம் வாங்கும்போது இனிக்கப் பேசுகிறவர்கள், பணம் கொடுக்கும்போது மட்டும் பொடி எழுத்தைக் காட்டுவது முறையல்ல.

அந்தத் தாள் வரும்வரை மக்கள் விழிப்பாக இருக்க வேண்டும். அலமாரியில் மடித்து வைத்த கடிதத்தை இன்றே வெளியே எடுங்கள். அதன் தேதியைப் பாருங்கள். கெடு இன்னும் முடியாமல் இருக்கலாம்!