விண்ணேறாத விழிகள்

ஒப்பந்தப்புள்ளி என்றதும் நம் நினைவில் எழுவன சாலையும் பாலமும் பள்ளிக் கட்டடமுமே. தகுதியுடையோருள் குறைந்த விலை கேட்டவருக்கே பணி என்பது அவற்றுக்குரிய நடைமுறை. அந்நடைமுறையை விண்ணுக்கும் நீட்டலாமா? ஆகாது என்பதே என் துணிபு. அமெரிக்க நாட்டில் 1999ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு போட்டியும் அதன் விளைவும் இதற்குப் போதிய சான்றாகும்.

அந்நாட்டின் உளவுச் செயற்கைக்கோள்களைச் செய்வித்து இயக்கும் பொறுப்பு, 1961இல் தோன்றிய தேசிய வேவு அலுவலகத்துக்கு உரியது. அப்படி ஓர் அலுவலகம் இருப்பதையே 1992 வரை அரசு வெளிப்பட ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வலுவலகத்துக்குப் பல்லாண்டுக் காலம் கைகொடுத்தது லாக்ஹீட் நிறுவனம். 1960 ஆகஸ்டில் 'கொரோனா' செயற்கைக்கோள் கீழே அனுப்பிய படச்சுருள், பாராசூட்டில் இறங்கி வரும்போதே விமானம் ஒன்றினால் நடுவானில் பற்றிக்கொள்ளப்பட்டது. 1976 டிசம்பரில் ஏவப்பட்ட 'கே.எச்.-11' படச்சுருளே இன்றிப் படங்களை மின்னலைகளாக அனுப்பியது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் அப்பொறியாளர்கள் எத்தனை தோல்விகளைக் கண்டு, எத்தனை நுட்பங்களைக் கைவரப் பெற்றிருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வறிவு முழுவதும் எழுத்தில் அமைவதன்று. பெரும்பகுதி கைகளிலும் கண்களிலும் தங்குவது.

பனிப்போர் முடிந்தபின் நிலைமை மாறியது. பாதுகாப்புச் செலவு சுருங்க, நிறுவனங்கள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. 1995இல் லாக்ஹீடும் மார்ட்டின் மரியட்டாவும் இணைந்தன. 1997இல் மெக்டொனல் டக்ளசைப் போயிங் தன்னுள் சேர்த்துக்கொண்டது. போட்டியிடுவோர் எண்ணிக்கை குறைந்த அதே வேளையில்தான், போட்டியே எல்லாவற்றிற்கும் மருந்து என்னும் கொள்கை அரசில் வலுப்பெற்றது. இது ஒரு விந்தையே.

சில பெருங்கோள்களுக்கு மாற்றாகச் சிறியவை பலவற்றை அனுப்பினால் ஓரிடத்தை அடிக்கடி நோக்கலாம் என்னும் எண்ணத்தில் புதிய திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. 'ஃபியூச்சர் இமேஜரி ஆர்க்கிடெக்சர்' என்பது அதன் பெயர். அது கருக்கொண்டபின், அதன் தேவையை உலகறியக் காட்டிய நிகழ்ச்சி நம் நாட்டிலேயே நடந்தது. 1998 மே 11, 13 ஆகிய நாள்களில் பொக்ரானில் இந்தியா அணுவெடிச் சோதனைகளை நிகழ்த்தியபோது, அமெரிக்க உளவுக்கோள்கள் அதை முன்கூட்டிக் கண்டுரைக்கவில்லை. அவை தலைக்கு மேல் கடந்து செல்லும் நேரங்களைக் கணித்து, அதற்கேற்ப நம்மவர் பணிகளை அமைத்துக்கொண்டனர். அப்பணியில் முன்னின்றவருள் ஒருவர் இராமேசுவரம் தந்த அப்துல் கலாம் என்பதைத் தமிழ் மாணவருக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

1999 செப்டம்பரில் ஒப்பந்தம் போயிங்கின் கைக்குச் சென்றது. உளவுப் படக்கோள் செய்வதில் லாக்ஹீடுக்கு இருந்த பயிற்சி போயிங்குக்கு இல்லை. ஆயினும் குறைந்த செலவும் புதுமையான வடிவமும் வெற்றியை ஈட்டித் தந்தன. ஐந்து ஆண்டு, 500 கோடி டாலர் என்பது தொடக்கக் கணக்கு என்று நியூயார்க் டைம்ஸ் 2007இல் வெளியிட்ட விரிவான கட்டுரை கூறுகிறது. பழுத்த அனுபவம் உடையவன் இடர்களையெல்லாம் கூட்டி விலை சொல்லுவான். புதியவனோ தான் அறியாத இடர்களுக்கு விலையே வைக்கமாட்டான். ஆகவே அறியாமை இத்தகைய போட்டியில் மலிவாகத் தோன்றும்.

பின்னர் நேர்ந்தவை விரைவில் சொல்லி முடிக்கத்தக்கன. சுழல்காட்டிகள் பழுதுற்றன. தடைசெய்யப்பட்டிருந்த வெள்ளீயம் கலந்த உறுப்புகள் உள்ளே புகுந்திருந்தன. வெற்றிடத்தில் வெள்ளீயம் மயிரிழை போன்ற முளைகளை விட்டு மின்சுற்றைக் கெடுக்கும் இயல்புடையது. 2003இல் தாமஸ் யங் தலைமையிலான ஆய்வுக்குழு, திட்டத்திற்கு ஒதுக்கிய பணம் போதாது, நுட்ப அமைப்பிலும் குறையுண்டு என்று அறிவித்தது. 2005 செப்டம்பரில் படக்கோள் பகுதி நிறுத்தப்பட்டது. குறைந்தது 400 கோடி டாலர் வீணாயிற்று என்பது அந்நாளிதழின் கணக்கு. பழைய வகைக் கோள்களையே மீண்டும் செய்யுமாறு லாக்ஹீடிடம் அரசு திரும்பிச் சென்றது. ரேடார்ப் பகுதி மட்டும் போயிங்கிடம் நின்றது.

பழியைப் போயிங்கின் மீது மட்டும் சுமத்துவார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. மேற்பார்வையைத் தளர்த்தி, பொறுப்பை ஒப்பந்தக்காரரிடமே ஒப்படைப்பது சீர்திருத்தம் எனப் போற்றப்பட்ட காலம் அது. வெற்றியினும் செலவே முதன்மை பெற்றுவிட்டது என்றும், திட்டங்களை நடத்தும் திறனை அரசு இழந்துவிட்டது என்றும் யங் குழு எடுத்துரைத்தது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லை விற்றுவிட்டு, நகை வாங்கக் கடைவீதிக்குச் சென்றது அவ்வரசு.

அங்ஙனமாயின் புதியவர்க்கு என்றுமே இடமில்லையா என மாணவர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டுக் கோள்களுக்கான போட்டியில், 2010 ஜனவரியில் பெருநிறுவனமாகிய ஆஸ்ட்ரியத்தை வென்று 14 கோள்களுக்கான 56.6 கோடி யூரோ ஒப்பந்தத்தைப் பெற்றது, செருமனியின் பிரேமன் நகரிலுள்ள ஓ.எச்.பி. என்னும் சிறிய நிறுவனம். தாமதங்கள் நேர்ந்தன, ஆயினும் கோள்கள் விண்ணேறிப் பணிபுரிகின்றன. 2014 ஆகஸ்டில் இரண்டு கோள்கள் தவறான பாதையில் விழுந்தமைக்கும் அவற்றைச் சுமந்த ஏவூர்தியே காரணம். இங்கே புதியவர் தனித்து நிற்கவில்லை. கருவிகளைச் செய்தளித்த பிரித்தானியத் துணை நிறுவனம், 2005இலேயே சோதனைக்கோள் ஒன்றைச் செய்து ஏவக் கொடுத்திருந்தது. அனைத்திற்கும் மேலாக, ஐரோப்பிய விண்வெளி முகமையின் பொறியாளர்கள் அருகிருந்து சோதித்தனர்.

2021 ஜனவரியில் அடுத்த தலைமுறைக் கோள்கள் பன்னிரண்டினை ஆறு ஆறாகப் பிரித்து, தேல்ஸ் அலெனியா, ஏர்பஸ் ஆகிய இரு நிறுவனங்களிடம் 147 கோடி யூரோவுக்கு ஒப்படைத்தது ஐரோப்பிய ஆணையம். இரண்டு வடிவங்களை ஒருங்கே செய்விப்பதில் செலவு கூடும். ஒன்று தவறினும் மற்றொன்று நிற்கும் என்பதால் அதனை ஏற்கலாம். ஆனால் அதற்கு முன் 34 கோள்களுக்கான பணியைப் பெற்றுக் கைதேர்ந்திருந்த பிரேமன் நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை. லாக்ஹீட் விடயத்தில் அமெரிக்கர் கற்ற பாடத்தை ஐரோப்பியர் படித்தனரா என்னும் ஐயம் எனக்கு உண்டு.