வேண்டும்போது எழும் புகை

சென்ற விடுமுறையில் நம் மருமகன் தான் பொருத்திய சிறு பெற்றோல் விமானத்துடன் ஊர்காவற்றுறைக்கு வந்தான். "மாமா, இது பறக்கும்போது வெள்ளைப் புகை விடவேணும், வழி சொல்லுங்கோ" என்பது அவன் விண்ணப்பம். அடுக்களையில் இருந்த நம் தாயாருக்கு அது கேட்டுவிட்டது. "பிளேனும் வேண்டாம், புகையும் வேண்டாம்" என்றார்.

1990ஆம் ஆண்டில் தீவுப்பகுதியில் வாழ்ந்தோர்க்கு இதன் காரணத்தைக் கூறவேண்டுமோ? நாம் அப்போது பள்ளிச் சிறுவர். விமான ஓசை கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடுவோம். புகை எழுந்த திசையைக் கொண்டே எவர் வீடு போயிற்று என்று பெரியோர் கணிப்பர்.

ஆயினும் பிள்ளையின் வினாவுக்கு விடை கூறாது விடுவது ஆசிரியருக்கு அழகன்று. குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் புறப்படும் வள்ளங்களை நோக்குங்கள். கறுப்புப் புகை வந்தால் டீசல் மிகுதி; நீலமாயின் மசகெண்ணெய் எரிகின்றது. குளிர்ந்த இயந்திரத்தைத் தொடக்கும்போது வரும் வெண்புகையோ, எரியாத டீசலின் ஆவி காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாவதே. படகோட்டி குறையென்று கருதும் இதுவே விமானத்துக்கு அணியாகின்றது. 1922இல் இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத்தின்போது சிறில் ரேணர் என்ற விமானி 'டெய்லி மெயில்' என வானில் எழுதியதும், 2024 ஒக்டோபர் 6ஆந் தேதி சென்னை மெரீனாவின் மேலே இந்திய விமானப்படையின் சூரியகிரண் குழுவினர் கோடுகள் வரைந்ததும் எண்ணெய்ப் புகையாலேயே.

சிறு விமானத்திலும் முறை அதுவே. எரிபொருள் தாங்கிக்குப் புறம்பாக, மற்றொரு தாங்கியில் மெல்லிய கனிய எண்ணெயை நிரப்பவேண்டும். பற்றரியால் இயங்கும் சிறு பம்பி அதனை ஒருவழி வால்வினூடாகச் சூடான சைலன்சருக்குள் செலுத்தும். உள்ளே குழாயைச் சுருளாக அமைத்தால் எண்ணெய் முன்னரே சூடேறும். அங்கே ஆவியாவது வெளியே வந்ததும் குளிர்ந்து வெண்முகிலாகும். இதில் நெருப்பு இல்லை. இயந்திரம் மெதுவாக ஓடும்போது பம்பியைத் திறந்தால் சூடு போதாது. எண்ணெய் ஆவியாகாமற் சொட்டும். சைலன்சரில் தேங்கி இயந்திரத்தை நிறுத்தியும் விடும். ஆகவே பாதி வேகத்துக்கு மேலேயே திறந்து, இறங்குமுன் மூடவேண்டும். புகைத் தாங்கியில் பெற்றோல் ஊற்றவே கூடாது. அது தீவிபத்துக்கு வழி.

உரிய அனுமதியும் பெற்று, அயலாருக்கும் முன்கூட்டியே அறிவித்து, சோளகம் வலுக்குமுன் ஒரு காலைப்பொழுதில் சாட்டிக் கடற்கரைக்குச் சென்றோம். முணுமுணுத்தபடியே தாயாரும் வந்தார். விமானம் கடலின்மேல் வெண்கோடு இழுத்ததும் நம் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

அதனைக் கண்ட மருமகன், இயக்கும் பெட்டியைப் பிடித்தபடியே அருகில் வந்து, "ஆச்சி, இந்தச் சுவிச்சை நீங்களே கீழே தட்டுங்கோ" என்றான்.

தயங்கித் தட்டினார். புகை நின்றது. விமானம் மட்டும் வெயிலில் மின்னிப் பறந்தது.

"சொன்னவுடன நிக்குது" என்றார் தாயார். அன்று எழுந்த புகையை நிறுத்த நம்மில் எவர் கையிலும் ஒரு சுவிச்சு இருக்கவில்லை. சற்றுநேரம் வானையே பார்த்திருந்தவர், பின்பு எவரும் சொல்லாமலே அதனை மேலே தட்டினார்.