தெய்வக்கொலை என்னும் சொல்

மேனாட்டார் அகராதியில் ‘டீசைடு’ என்றொரு சொல் உண்டு. கடவுளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும், வெட்டுதலைக் குறிக்கும் சொல்லும் கூடிப் பிறந்தது அது. நம் மாணவத் தோழர்கள் அதைத் ‘தெய்வக்கொலை’ என்று மொழிபெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அது போதாது என்பேன்.

அச்சொல்லின் வரலாறு கதையன்று, பழி. ஏசுவைச் சிலுவையில் அறைந்தோர் உரோமானியப் படைவீரர். ஆணையிட்டவன் உரோம ஆளுநன் பிலாத்து. பழியோ யூதர் தலையில் விழுந்தது! இரண்டாம் நூற்றாண்டிலேயே சார்தீசு நகரத்து ஆயர் மெலிட்டோ, கடவுள் கொலையுண்டார் என்றுரைத்து இசுரயேலர் மேல் குற்றம் சாட்டினார். எருசலேமில் நடந்ததற்கு, ஆயிரம் ஆண்டு கழித்து ரைன் ஆற்றங்கரையில் பிறந்த குழந்தையும் குற்றவாளியாயிற்று. 1096-இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டத்தார் வோர்ம்சிலும் மைன்சிலும் யூதரைக் கொன்று குவித்தனர். பிறப்பால் வரும் பழி எத்தகையதென்று நம் நாட்டாருக்கு விளக்கவும் வேண்டுமோ?

தெய்வத்தைக் கொல்லும் கதை நம்மிடமும் உண்டு. திருக்கடவூரில் காலனை உதைத்தார் சிவபெருமான். திருக்குறுக்கையில் காமனை எரித்தார். ஆயினும் காலகாலன், காமாரி என்பன வசையா? வழிபடும் பெயர்கள் அல்லவா! கொன்றவனும் தெய்வமே, ஆகவே பழி எவர் வீட்டு வாயிலுக்கும் வரவில்லை. (கண்டியூரில் பிரமன் தலையைக் கொய்ததற்கு மட்டும் பிரமகத்தி பிடித்ததென்பர். அச்சொல்லில் வீசும் சாதி மணம் தனிக் கட்டுரைக்குரியது.) சித்தூருக்கும் வேலூருக்கும் இடையிலுள்ள எங்கள் குடிபாலாவில் காமதகனம் என்றால் தமிழருக்கும் விளங்கும், தெலுங்கருக்கும் விளங்கும். தஞ்சைப் பக்கத்து இலாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று பாட்டிலேயே வழக்காடுவர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, ஏசுவின் சாவுக்காக அக்கால யூதர் அனைவர் மீதும், இக்கால யூதர் மீதும் பழி சுமத்தலாகாது என்று அறிவித்தது. 2,221 பேர் இசைந்தனர். 88 பேர் மறுத்தனர். முந்தைய வரைவு அந்த இலத்தீன் சொல்லைப் பெயர் சொல்லியே விலக்கியது. இறுதி ஏட்டில் சொல்லே இல்லை. பழியை நீக்கியோருக்கு அதன் பெயரைச் சொல்ல நா எழவில்லை போலும்!

ஆகவே ஐரோப்பிய வரலாற்றைத் தமிழாக்கும் தோழர்கள் ‘தெய்வக்கொலைப் பழி’ என்றே எழுதுக. ‘பழி’ என்னும் இரண்டெழுத்தை விட்டுவிட்டால், யூதர் கொன்றதாகவே படிப்பவர் எண்ணிக்கொள்வர். காமதகனத்தை ஆங்கிலத்தில் எழுதுவோர் அந்தச் சொல்லைத் தொடவே வேண்டா.