எழுபதில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பயிற்சியாளர்

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கீழே வயதெல்லாம் ஒரு கணக்கே இல்லை என்கிற மாதிரி ஒரு வாசகம். அவர் யார் என்று நண்பருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏமஸ் அலோன்ஸோ ஸ்டாக். அமெரிக்கக் கால்பந்தின் ஆரம்ப காலப் பயிற்சியாளர்களில் பெரிய பெயர். (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.)

படத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. அந்த மனிதரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

1862-ல் பிறந்தவர். பாதிரியாராக வேண்டும் என்றுதான் யேலில் படித்தார், மேடைப் பேச்சு கைகூடவில்லை. யேலில் அவருக்குப் பாடம் எடுத்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், புதிதாகத் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானதும் 1892-ல் இவரை அழைத்துக்கொண்டார். வெறும் விளையாட்டு வாத்தியாராக இல்லை, பேராசிரியர் அந்தஸ்தோடு. முதல் வருடம் ஆட்டத்துக்குப் பையன்கள் போதாமல் இவரே களத்தில் இறங்கி ஆடியிருக்கிறார்! புகை, குடி கிடையாது. ரொம்பக் கோபம் வந்தால் பையன்களைக் 'கழுதை' என்பாராம், அதற்கு மேல் போக மாட்டார். 41 பருவங்கள் அங்கேயே. 1905-ல், 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகனை 2-0 என்று வீழ்த்தியது இவருடைய அணிதான். அவர் வேலையில் இருக்கும்போதே மைதானத்துக்கு அவர் பெயர் வைத்துவிட்டார்கள்.

பிறகு 70 வயது வந்தது. விதிப்படி ஓய்வு. அப்போதைய தலைவர் ஹட்சின்ஸுக்கு விளையாட்டு என்றாலே பிடிக்காது, அதனால் கிழவரைத் துரத்திவிட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 1924-க்குப் பிறகு சிகாகோ ஒரு பட்டம்கூட வாங்கவில்லை. தோல்விக்கு மேல் தோல்வி. விதி எல்லோருக்கும் ஒன்றுதானே? பல்கலைக்கழகம் செய்தது தப்பில்லை.

களத்துக்கு வெளியே ஒரு கௌரவப் பதவி தருகிறோம் என்றார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊரிலிருந்த பசிபிக் கல்லூரிக்குப் போனார். சிகாகோவோடு ஒப்பிட்டால் அது ரொம்பச் சின்ன இடம். என்னை நிறுத்திய இடம் இதுதான்.

நான் ஓய்வு பெற்ற ஆறாவது மாதம், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக் கொடுக்க வாரம் மூன்று நாள் வர முடியுமா என்று என் பழைய அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர்தான் அப்போது அதிகாரி. 'உடம்பு முடியலை' என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அவர் அறைக்கு வெளியே போய் நிற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் இருந்தவளுக்கும் அது தெரியும்.

ஸ்டாக்கின் பசிபிக் கணக்கை அந்த வாட்ஸ்அப் படங்களில் போட மாட்டார்கள். 14 வருடத்தில் 60 வெற்றி, 77 தோல்வி. ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். 1938-ல் அந்தச் சின்னக் கல்லூரிப் பையன்களோடு சிகாகோவுக்கே போய், தன் பெயர் வைத்த மைதானத்தில் தன் பழைய பல்கலைக்கழகத்தை 32-0 என்று தோற்கடித்தார். (அடுத்த வருடம் சிகாகோ கால்பந்தையே மூட்டை கட்டி வைத்தது. 1942-ல் அந்த மைதானத்துப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான் ஃபெர்மி முதல் அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டினார். அது தனிக் கதை.) 1943-ல், 81 வயதில், நாட்டின் சிறந்த பயிற்சியாளர் என்ற மரியாதையும் கிடைத்தது.

1946-ல் பசிபிக்கும் ஆலோசகர் நாற்காலியைக் காட்டியது. திரும்பவும் வேண்டாம் என்றார். பென்சில்வேனியாவில் சஸ்குவெஹன்னா என்கிற இன்னும் சின்னக் கல்லூரியில் மகன் பயிற்சியாளராக இருந்தார். அப்பா அங்கே போய் மகனோடு சேர்ந்துகொண்டார். பெற்ற பிள்ளையின் அலுவலகத்தில் போய் வேலை செய்ய நம்மில் எத்தனை பேருக்கு மனசு வரும்? கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். ஆறு பருவம் இருந்தார்.

மனைவி ஸ்டெல்லாவின் உடல்நிலை காரணமாக ஸ்டாக்டனுக்குத் திரும்பினார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டி, உள்ளூர் இளநிலைக் கல்லூரியில் பந்தை உதைக்கும் பையன்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அணியை நடத்தியது வேறு யாரோ. 1965-ல், 102 வயதில், அந்த ஊரிலேயே காலமானார்.