குளம் இருக்கிறது, இறக்கிவிட ஆள் வேண்டும்

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் ஒரு செய்தி நமக்குப் பழக்கமானது. சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு அதிகமானோர் பயன்பெற்றனர் என்பதே அது. பள்ளியோ விடுதியோ அப்படி எழுதினால் மகிழ்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் ஓர் இலவசச் சட்ட உதவி மையம் அவ்வாறு எழுதினால் எப்படிப் புரிந்துகொள்வது? உரிமை மறுக்கப்பட்டோர் பெருகிவிட்டனர் என்று வருந்துவதா? மையம் வளர்ந்துள்ளது என்று மகிழ்வதா? இக்கேள்வி திருச்சபையாகிய நமக்கும் உரியது.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். இவர்களுக்குச் சட்டத்தின் துணை இல்லாமல் இல்லை. 1995இல் முதல் சட்டம் வந்தது. 2007இல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதிசெய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டம் ஏற்ற 7 வகைக் குறைபாடுகள் இதில் 21 ஆயின. அரசுப் பணியில் 3 விழுக்காடாக இருந்த ஒதுக்கீடு 4 ஆனது. வழக்காட வசதியற்றோர் என்ற கவலைக்கும் விடை உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வருமானம் எவ்வளவு என்று பாராமல் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணில் இவ்வுதவியைக் கேட்கலாம்.

அப்படியானால் குறை எங்கே? யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் பெத்சதா குளத்தருகே கிடந்த, 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த மனிதரை நினைத்துப் பார்ப்போம். குளம் அங்கேதான் இருந்தது. தண்ணீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட ஆள் இல்லை என்பதே அவருடைய வேதனை. நம் நாட்டின் சட்டங்களும் பலருக்கு அந்தக் குளத்தைப் போலவே கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாமல் இருக்கின்றன. பேருந்தில் ஏற முடியாதவர் மாவட்ட அலுவலகத்திற்கு எப்படிப் போவார்? காது கேளாதவர் தம் வழக்கை எந்த மொழியில் சொல்வார்? சட்ட உதவி மையம் செய்வது இறக்கிவிடும் வேலை. மையத்திற்கு வரும் எல்லாச் சிக்கலும் நீதிமன்றம் போவதில்லை. சான்றிதழ், உதவித்தொகை, பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, பணியிட மாறுதல் என்று அன்றாட வாழ்வைத் தொடுபவை பல. சட்டப் பிரிவைச் சுட்டி எழுதும் ஒரு கடிதமோ, மாநில ஆணையரிடம் அளிக்கும் ஒரு மனுவோ அடைத்த கதவைத் திறக்கக்கூடும்.

சில வழக்குகள் நெடுந்தூரம் போகின்றன. பொது இடங்களிலும் போக்குவரத்திலும் தடையற்ற சூழல் வேண்டும் என்று பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2017 டிசம்பரில் நீதிமன்றம் கட்டளைகள் பிறப்பித்தது. அணுகல் வசதிக்கான விதி வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. இடையில் கழிந்தவை 19 ஆண்டுகள். தனி ஒருவர் இத்தனை காலம் தளராமல் நிற்பது அரிது. உடன் நிற்கும் அமைப்புகள் வேண்டும். 2025 மார்ச் மாதம், பார்வையற்றவர் என்பதால் ஒருவருக்கு நீதிபதிப் பதவியை மறுக்கக் கூடாது என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி கேட்டு நின்றவர்கள் இனி நீதி வழங்கவும் அமர்வார்கள்.

இது உயிரைத் தொடும் காரியம் என்பதை நாம் மறக்க முடியாது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காக உழைத்த இயேசு சபை அருள்தந்தை ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்க, குவளையைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க இயலாதவர், உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பதில் சொல்லப் புலனாய்வு அமைப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. பார்க்கின்சன் நோயோ 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கும் 21 வகைகளுள் அடங்கும். 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே அவர் மும்பையில் உயிர்துறந்தார். அவருக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், சபை இருந்தது, உலகின் கவனமும் இருந்தது. இவை எதுவும் இல்லாத கைதியின் நிலை என்ன? 2025 ஜூலையில், சிறைவாசம் அனுபவித்த ஒரு மாற்றுத்திறனாளி தொடுத்த வழக்கில், தமிழகச் சிறைகளில் இத்தகையோருக்கான வசதிகளை உறுதிசெய்ய உச்ச நீதிமன்றம் விரிவான கட்டளைகளை இட்டது. அவை ஏட்டளவில் நில்லாதபடி பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் தேவை.

மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லங்களையும் சிறப்புப் பள்ளிகளையும் திருச்சபை நெடுங்காலமாக அன்போடு நடத்தி வருகிறது. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். ஆயினும் இரக்கம் ஒன்று, நீதி மற்றொன்று. இரக்கத்தால் தருவதை நாளை நிறுத்திவிடலாம். உரிமையாய் உள்ளதை எவரும் நிறுத்த முடியாது. மாற்றுத்திறனாளிகளைச் சமூகத்திற்குள்ளேயே மறைந்து வாழும் நாடுகடத்தப்பட்டோராகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டின் ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ சுற்றுமடலில் கண்டார். அவர்களுக்கு நாம் தர வேண்டியது தங்க இடம் மட்டுமன்று, பங்கேற்க இடமும்தான்.

நம் பங்குகளில் செய்யக்கூடியவை பல. பங்கிலுள்ள வழக்கறிஞர்களும் சட்டம் பயிலும் இளையோரும் மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். அன்பியங்கள் தம் பகுதியிலுள்ள மாற்றுத்திறனாளிகளைச் சந்தித்து, சான்றிதழும் உதவித்தொகையும் கிடைத்துள்ளனவா என்று கேட்கலாம். கோவில் வாசலில் சாய்தளம் இருக்கிறதா, மறையுரை சைகை மொழியில் சென்றடைகிறதா என்று முதலில் நம்மையே ஆராயலாம். வழக்கறிஞர்களின் பாதுகாவலரான புனித இவோ ஏழைகளுக்காக வாதாடியே புனிதரானார் என்பது நம் வழக்கறிஞர்களுக்கு ஊக்கமளிக்கட்டும்.

பெத்சதாவில் இயேசு முதலில் செய்தது, அந்த மனிதரின் விருப்பத்தைக் கேட்டது. அவருக்காகத் தாமே முடிவு செய்துவிடவில்லை. நல்ல சட்ட உதவியின் இலக்கணமும் இதுவே. ஆகவே ஒரு மையத்தின் கதவைத் தட்டுவோர் பெருகினால், துன்பம் பெருகிவிட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம். இதுவரை சகித்துக்கொண்டு மௌனமாயிருந்தவர்கள் இப்போது தமக்கு வேண்டியதைச் சொல்லத் தொடங்கியுள்ளனர் என்றும் கொள்ளலாம். அந்தக் குரல் தனித்துப் போகாதபடி உடன் நிற்போம்.