எந்த அலி, எந்த டைசன்?

அலியும் டைசனும் மோதினால் வெல்பவர் யார் என்னும் வினா, குத்துச்சண்டை ரசிகர் இருவர் கூடுமிடமெல்லாம் எழுந்துவிடுகிறது. நம் பட்டிமன்ற மேடைகளின் 'கம்பனா, இளங்கோவா' வழக்கைப் போன்றே இதற்கும் முடிந்த தீர்ப்பில்லை, வழக்காடுவோர்க்கு ஓய்வுமில்லை. வழக்காடுவதில் நமக்கு மறுப்பேதுமில்லை. 'இருவரும் உச்சத்தில் இருக்கையில்' என்றொரு சொற்றொடரை இட்டுவிட்டு, வினாவைத் தெளிவாக்கிவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் நமக்கு உடன்பாடில்லை.

உச்சம் என்பது எந்த நாள்? டைசனுக்குச் சொல்லிவிடலாம்: 1988 ஜூன் 27, மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 91 நொடிகளில் வீழ்ந்த இரவு. அலிக்கு? கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றுகளில் முடித்த 1966 நவம்பர் என்பர் பலர். அப்போது அவருக்கு வயது 24. மறு ஆண்டே, வியட்நாம் போர்க்காலப் படைச்சேர்ப்பை மறுத்தமைக்காகப் பட்டம் பறிக்கப்பட்டது. 1970 அக்டோபர் வரை அவர் மேடையேற இயலவில்லை. 25 முதல் 28 வரையிலான வயது ஹெவிவெயிட் வீரர் ஒருவர் முற்றி விளையும் பருவம். ஆகவே 'உச்சத்து அலி' என்று நாம் பேசுவது, இருந்திருக்கக்கூடிய, ஆனால் இருக்கவிடப்படாத ஒருவரைப் பற்றி. இதை ஒதுக்கிவிட்டு உயரம், எடை, கைநீளம் என்று அட்டவணை போடுவதை விளையாட்டறிவு என நாம் ஏற்பதற்கில்லை.

திரும்பிவந்த அலி வேறு ஆள். கால்களின் விரைவு குறைந்திருந்தது. அடி தாங்கும் வன்மை அதன்பிறகே உலகுக்குத் தெரிந்தது. 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்துகொண்டு, போர்மனைக் குத்தவிட்டே களைப்பாக்கி, எட்டாம் சுற்றில் வீழ்த்தியவர் இந்த அலிதான். 1966-இன் அலிக்கு அத்தந்திரம் தேவைப்பட்டிராது. தோன்றியிருக்குமா என்பதும் ஐயமே.

'அவரை வென்றவரை இவர் வென்றார்' என்னும் கணக்கும் உதவாது. பிரேசியர் 1971-இல் அலியை வென்றார். நார்ட்டன் 1973-இல் அலியின் தாடையை உடைத்து வென்றார். அவ்விருவரையும் போர்மன் இரண்டிரண்டு சுற்றுகளில் முடித்தார். அந்தப் போர்மன்தான் அலியிடம் வீழ்ந்தார். டிரெவர் பெர்பிக் கதை இன்னும் வேடிக்கையானது. 1981-இல் அலியின் கடைசிப் போட்டியில் வென்றவரும் அவரே; 1986-இல் இரண்டாம் சுற்றிலேயே டைசனிடம் பட்டத்தை இழந்தவரும் அவரே. இதைக்கொண்டே டைசனின் மேன்மையை நிறுவுவோர் உளர்! அன்று அலிக்கு வயது 39 என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

காலம் தவறிய மோதல்கள் கற்பனையில் மட்டுமே நிகழ்வன அல்ல. 1951-இல் மார்சியானோவிடம் வீழ்ந்த ஜோ லூயிக்கு வயது 37. 1980-இல் ஹோம்ஸ் வென்றது, அதே ஆண்டு சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடிச் சென்ற, தளர்ந்த அலியை. அந்த ஹோம்ஸை அவருடைய 38-ஆம் வயதில் டைசன் சாய்த்தார். டைசனின் 35-ஆம் வயதில் லெனாக்ஸ் லூயிஸ் அவரைச் சாய்த்தார். இவற்றுள் எதுவும் எதற்கும் சான்றாகாது.

கணினியிடம் கேட்டும் பார்த்தார்கள். 1969-இல் அலியும் மார்சியானோவும் காமிராவின்முன் மோதி நடித்தனர். முடிவு கணினியுடையது என்று விளம்பரம் செய்து 1970-இல் திரையிட்டனர். அமெரிக்காவில் மார்சியானோ 13-ஆம் சுற்றில் வென்றார். ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ அலி வென்றார். கணினிக்கும் ஊர்ப்பற்று உண்டு போலும்.

எமது கட்சி யாதெனக் கேட்கலாம். 1966 நவம்பரின் அலி, 1988 ஜூனின் டைசன், அலியின் காலத்து 15 சுற்றுகள். முதல் நான்கு சுற்றுகளில் அலிக்கு ஆபத்து உறுதி. 1963-இல் ஹென்றி கூப்பரின் இடக்கை ஹூக் அவரைத் தரையில் வீழ்த்தியது, டைசனின் ஹூக் அதனினும் கொடியது. ஆனால் 1987-இல் 'போன்கிரஷர்' ஸ்மித்தும் டோனி டக்கரும் 12 சுற்றுகளும் நின்று, டைசனின் வேகத்துக்கு எல்லையுண்டு எனக் காட்டினர். ஏழாம் சுற்றைக் கடந்துவிட்டால் அலியே. போட்டி நடப்பது 1971-இன் அலியோடு என்றால், நாம் டைசன் பக்கம்.